கீழே யாராவது இருப்பார்கள்

அப்பா இறந்த வாரத்திலேயே நான் வேலைக்கு உட்கார்ந்துவிட்டேன். யாரும் வற்புறுத்தவில்லை. பெங்களூரில் இருந்த மேலாளர், "மெதுவா வாங்க, அவசரமில்ல" என்று காலையில் செய்தி அனுப்பிவிட்டு, மத்தியானமே ஒரு புகாரையும் அனுப்பினார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அழுகை அதற்கு முன்பும் வந்திருக்கவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. குன்னம் பக்கத்தில் எங்கள் வீடு. மாடி அறைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தேன். கீழே கூடத்தில் அம்மா இருந்தாள், சுற்றிலும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள்.

என் வேலை டிரைவர் எழுதுவது. பஸ் ஓட்டுகிற வேலை இல்லை என்று கல்யாண வீடுகளில் விளக்கிச் சலித்துவிட்டேன். கருவிக்குள் இருக்கும் கேமரா, திரை போன்ற பாகங்களை இயக்குகிற நிரல்தான் டிரைவர். யாரும் பயன்படுத்தாத பாகத்தைத் தூங்க வைத்து பேட்டரியை மிச்சம் பிடிப்பதும் அதன் வேலை. அதற்கு ஓர் எண்ணிக்கை வைத்திருப்போம். கேமரா வேண்டும் என்று ஒரு செயலி வந்தால் ஒன்று கூடும். வேலை முடிந்து சொல்லிவிட்டுப் போனால் ஒன்று குறையும். பூஜ்ஜியமானதும் கேமரா தூங்கும். வந்திருந்த புகார், குடோன்களில் கையில் வைத்து ஸ்கேன் செய்கிற கருவி ஒன்றில் மத்தியானத்துக்குள் பேட்டரி காலியாகிறது என்பது. வந்த செயலிகளில் எவனோ சொல்லாமல் போயிருக்கிறான். அவன் இன்னும் இருக்கிறான் என்று நம்பி கேமரா விழித்துக்கொண்டிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மறுநாளும் தேவைப்பட்டது.

எங்கள் பக்கம் துக்க வீட்டுக்கு வந்தவர்கள், "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட வேண்டும். மறுநாள் காலை ஊருக்குள் மக்காச்சோளம் அடிக்கிற மெஷின் வந்துவிட்டது. விட்டால் வேறு ஊருக்குப் போய்விடும், திரும்ப எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கூடம் காலியாகத் தொடங்கியது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பேசாமல் எழுந்து போனார். அத்தையும் பேசாமல் எழுந்து, ஜெயங்கொண்டத்துக்கு பஸ் பிடிக்கப் போனார். பெரியம்மா இருக்கிறார் என்று அத்தை நினைத்திருக்கிறார், அத்தை இருக்கிறார் என்று பெரியம்மா. எல்லாரும் இருக்கிறார்கள் என்று மாடியில் நான்.

பிழை அகப்பட்டது. கேமராவை எழுப்புவதே தோற்றுப்போனால், செயலி அப்படியே திரும்பிவிடுகிறது. ஆனால் எண்ணிக்கை அதற்குள் கூடிவிட்டிருக்கிறது, குறைக்க ஆள் இல்லை. ஒரு வரி சேர்த்தேன். கேமரா தூங்கியது. வழக்கமாக அந்த இடத்தில் எழுந்து ஒரு சுற்று நடப்பேன், யாரையாவது கூப்பிட்டுப் பீற்றிக்கொள்வேன். அன்று ஒன்றும் தோன்றவில்லை. தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினேன்.

கூடத்தில் யாரும் இல்லை. அம்மா சுவரோரம் சரிந்து கிடந்தாள். புடவை வியர்வையில் ஊறியிருந்தது. கூப்பிட்டதற்கு ஏதோ உளறினாள். டிபன் கேரியர் திறக்காமல் இருந்தது, பக்கத்தில் மாத்திரை அட்டை. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற மாத்திரையைப் போட்டிருக்கிறாள், சாப்பிடவில்லை, உடம்பில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது. அதுவரை யாராவது பிசைந்து ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் கத்தியதில் பெரியம்மா சோளத் தூசியோடு ஓடி வந்தார். "ஒங்க அத்தை இருக்காங்கன்னுல்ல பாப்பா நெனச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சர்க்கரையை அம்மாவின் உதட்டுக்குள் தடவினோம். தெருவில் நின்ற காரில் ஏற்றிக்கொண்டு பெரம்பலூருக்குப் போனோம். அம்மாவும் போய்விடுவாள் என்று வழியில் எனக்குத் தெளிவாகத் தோன்றியது. பயப்பட முயன்றேன். வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு மைல்கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குளுக்கோஸ் ஏறிய பிறகு கண் திறந்தாள்.

"மாத்திரையப் போட்டுட்டு ஏம்மா சாப்புடாம இருந்தீங்க? சாப்பாடு பக்கத்துலயே இருந்துச்சாமே" என்றார் டாக்டரம்மா.

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். "அவரு இன்னும் சாப்புடலீங்களே" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து, அப்பா சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிடுவாள். பசித்தால் சாப்பிட வேண்டியதுதானே என்று நான் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். அவள் காதில் வாங்கியதே இல்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். உண்மையை அவளிடம் இன்னொரு முறை சொல்ல வேண்டியவள் நான்தான். கேண்டீனில் வாங்கிய இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு விள்ளல் எடுத்தேன்.

"அப்பா சாப்ட்டாரும்மா" என்றேன்.

"எப்ப?"

"இப்பத்தான்."

அம்மா வாயைத் திறந்தாள்.