மேற்கு மாம்பலம் முதல் ஊரூர் குப்பம் வரை: தண்ணீர் இல்லாத ஓர் ஏரிக்காக 24 கிலோமீட்டர்

இந்தப் பயணத்துக்குக் காரணம் கோபம். இதுவரை இந்த வலைப்பூவில் நான் எழுதிய ஸ்கூட்டர் பயணங்களுக்கெல்லாம் கோயில், மலை, அருவி என்று ஏதாவது ஒரு நல்ல காரணம் இருந்தது. இதற்குக் கிடையாது. போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 6.10 மணிக்கு மேற்கு மாம்பலத்தில் கிளம்பி, தி.நகர், மயிலாப்பூர், அடையாறு வழியாக ஊரூர் ஒல்காட் குப்பம் போய்த் திரும்பினோம். திட்டப்படி 21 கிலோமீட்டர். ஓடியது 24. கூடுதலாக ஓடிய மூன்றும் என் கைங்கரியம்.

பின்னால் உட்கார்ந்திருந்தது என் மகள் ஹரிணி. வெளியூரில் விமானம் ஓட்டப் படிக்கிறாள். நான் பிளஸ் டூ கணக்கில் ஃபெயில் ஆனவன், தி.நகரில் ஒரு சந்துக்குள் ப்ளவுஸ் மேட்சிங் கடை வைத்திருக்கிறேன். அவள் படிப்புக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று கமெண்டில் கேட்க வேண்டாம். அது தனிக் கோபம்.

விமானப் பயிற்சியில் கிராஸ் கன்ட்ரி என்று ஒரு கட்டம் உண்டு. மாணவர்களே பாதையைத் திட்டமிட்டு, ஓர் ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் பறந்து திரும்ப வேண்டும். எத்தனை டிகிரியில் போவது, எந்த நிமிடத்தில் கீழே எந்த அடையாளம் தெரிய வேண்டும், எல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். முதலில் பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். அவருக்குத் திருப்தியானால்தான் தனியாக விடுவார்.

ஹரிணியின் பாதையில் முதல் அடையாளம் ஒரு பெரிய ஏரி. பதினான்காவது நிமிடத்தில் இடது பக்கம் தெரிய வேண்டும். மேப்பில் நல்ல நீலமாக இருக்கிறது. பதினான்கு ஆனது, பதினைந்து ஆனது, ஏரியைக் காணோம். தூரத்தில் வலது பக்கம் தண்ணீர் பளபளத்திருக்கிறது. அதுதான் என்று திருப்பிவிட்டாள். அது வேறு ஏரி. ஆறு நிமிடம் தப்பான பக்கம் பறந்த பிறகு பயிற்சியாளர் விமானத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார்.

இறங்கியதும் மற்ற மாணவர்கள் முன்னால் அவர் சொன்னது இது: "தண்ணி தேடுறதுக்குக் குடம் போதுமே, ப்ளேன் எதுக்கு?"

அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. ஆனால் ஹரிணி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதிலிருந்து, மூன்று நாளாக மனதுக்குள் அவரைச் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன். நேரில் போய்க் கேட்டுவிடுகிறேன் என்று கிளம்பினேன். "நீ அங்க வந்தா நான் படிப்பையே விட்டுர்றேன்" என்றாள். வராவிட்டாலும் விடுகிற மாதிரிதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை மறுபடி சோதனைப் பறப்பு. திங்கள் இரவு பஸ் ஏற வேண்டும். கொண்டுவந்த பையைப் பிரிக்கவும் இல்லை, திரும்பப் போவதாகச் சொல்லவும் இல்லை. கேட்டால், "பாக்கலாம்ப்பா."

சனிக்கிழமை மொட்டை மாடியில் பாதையைச் சாக்பீஸால் வரைந்து, கடிகாரத்தைப் பார்த்து நடந்து பழகினாள். விமானம் படிப்பவர்கள் செய்வதுதான். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கிளம்புகிற ஊர். துணிக்கொடிக்குக் கீழே ஏரி. இரண்டாவது சுற்றில் குடியிருப்பின் செயலாளர் வெங்கடேசன் சார் வந்துவிட்டார்.

"என்ன சார் இது, மாடியெல்லாம் கோடு போட்டுண்டு? போன மாசம்தான் வாட்டர்ப்ரூஃபிங் பண்ணினோம்."

"சாக்பீஸ்ல ஓட்டை விழுமா சார்?"

"விழறதோ இல்லையோ, அழிச்சுடுங்கோ. இது பொது இடம்."

நானும் சத்தம் போட்டேன், அவரும் போட்டார். நான் ஜெயித்த சண்டை என்று ஒன்று இதுவரை சரித்திரத்தில் இல்லை. செவ்வாய்க்குள் அழித்துத் தருவதாக ஒப்புக்கொண்டு கீழே இறங்கினேன். இறங்கிய வேகத்தில் சொன்னேன்: "மாடி இல்லன்னா என்னட்டி, ஊரே இருக்கு. வண்டியில போவோம்."

அப்படித்தான் இந்தப் பயணம்.

ராத்திரி உட்கார்ந்து திட்டம் போட்டாள். பனகல் பூங்கா, ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர் தெப்பக்குளம், அடையாறு பாலம், குப்பம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடக் கணக்கு. விதி ஒன்றுதான். முதலில் கடிகாரம், அப்புறம் மேப், கடைசியில்தான் தரை. தரையில் எதையாவது பார்த்துவிட்டு, இது அதுவாக இருக்குமோ என்று மேப்பில் தேடக்கூடாது.

"நான் என்ன செய்யணும்?"

"நீ இன்ஜின். இன்ஜின் பேசாது."

துரைசாமி சுரங்கப்பாதை தாண்டிப் பனகல் பூங்கா. திட்டம் ஒன்பது நிமிடம், போய்ச் சேர்ந்தது எட்டில். ஞாயிறு காலை ஆறேகாலுக்கு மட்டும்தான் தி.நகரில் இது நடக்கும். ஒன்பது மணிக்கு மேல் இதே தூரத்தை முயன்று பார்க்காதீர்கள். மெட்ரோவுக்காகத் தோண்டி, தகரம் அடைத்து, நான் இருபத்திரண்டு வருடமாகப் போய்வரும் தெருவிலேயே என்னைச் சுற்ற விடுகிறார்கள். தகரத்தைப் பார்த்ததும் கோபம் வந்தது. இன்ஜின் பேசிவிட்டது. முதுகில் ஒரு குத்து விழுந்தது.

ஆழ்வார்பேட்டை வரை சரியாக வந்தோம். லஸ் பக்கம் மறுபடி தகரம், மறுபடி மாற்றுப்பாதை. "நேரா போப்பா, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு" என்றாள். எனக்கோ வலது பக்கம் வீடுகளுக்கு மேலே கோபுரம் தெரிந்தது. மயிலாப்பூரில் கோபுரம் தெரிந்தால் வேறென்ன? திருப்பினேன். சந்து, இன்னொரு சந்து, பூக்கூடைகள், ஒரு மாடு. கோபுரம் கிட்டே வந்ததும் பார்த்தால் அது வேறு கோயில். அவசரமாக வெளியே வந்தது ஒருவழிப் பாதையின் தப்பான முனையில். அங்கே ஒரு போக்குவரத்துக் காவலர் டீ குடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சார், போர்டு தெர்ல?"

"கோபுரம் தெரிஞ்சுது சார்."

"சாமிய கும்புட்டுக்கினே ஃபைன் கட்டு, வா."

ரூபாய் 500. ரசீது வாங்கிக்கொண்டு திரும்பினால், ஹரிணி பக்கத்து வீட்டுச் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். வந்த நாளாக முதல் சிரிப்பு. "நான் பண்ணின அதேதான்ப்பா. அதே!" என்றாள். ஐந்நூறு ரூபாய்க்கு அது பரவாயில்லை என்று பெருந்தன்மையாக எழுத ஆசைதான். அப்போது அப்படித் தோன்றவில்லை. காதெல்லாம் சுட்டது. இதே தப்பு எனக்கு ஐந்நூறு ரூபாயோடு போயிற்று, இவளை மட்டும் ஏன் அந்தப் பயிற்சியாளர் அத்தனை பேர் முன்னால் அப்படிக் கேட்டார்?

தெப்பக்குளத்துக்கு 6.35க்குப் பதிலாக 6.58க்குப் போனோம். குளத்தருகே இரண்டு பேருக்கும் பொங்கல், வடை, காபி ரூ. 190. மந்தைவெளி வழியாக அடையாறு பாலம் தாண்டி, பெசன்ட் நகர் கடற்கரையின் வட கோடியில் குப்பத்துக்குள் நுழைந்தபோது 7.50. படகுகள் கரை ஏறியிருந்தன. சாலையோரமே மீன் விற்பனை. வண்டியை நிறுத்தக் காசு இல்லை, ஆனால் வலை காயப்போட்டிருக்கும் இடத்தில் ஏற்றிவிடாதீர்கள். ஏற்றப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

வஞ்சிர மீன் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எங்களையே பார்த்தார்.

"இன்னா நைனா, பொண்ணு கைல மேப்பு வெச்சிக்கினு சுத்துறீங்க? வூடு தெர்லியா?"

"என் பொண்ணு ப்ளேன் ஓட்டுதும்மா. வழி பழகுறோம்."

"ப்ளேனா!" அவர் ஹரிணியை மேலும் கீழும் பார்த்தார். "மேல வழி தப்பிச்சின்னா யார கேப்ப கண்ணு?"

"வயர்லெஸ்ல கேக்கலாம்க்கா. ஆனா நாமளே கண்டுபிடிக்கணும்."

"உங்கப்பன மட்டும் கேக்காத. நேரா வலை மேலயே வர்றான்."

ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தோம். அங்கேதான் மீதியைச் சொன்னாள். அந்த ஆள் அப்படிப் பேசிய மறுநாள் காலையில் அவள் அறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் குடம் இருந்ததாம். பச்சைக் குடம். எடுத்து ஓரமாக வைத்தால் அடுத்த நாள் திரும்ப வாசலில். யார் வைக்கிறார்கள் என்று தெரியாது, எல்லோரும் சிரிப்பார்கள். "செவ்வாய்க்கிழமையும் ஏரி கிடைக்கலன்னா என்னால அந்த வாசலைத் தாண்டி வர முடியாதுப்பா. நான் போகல."

எனக்குக் கடலைப் பார்த்துக் கத்தலாமா என்று இருந்தது. கத்தவில்லை, மீனம்மா ஏதாவது சொல்வார். போ என்று சொல்லவும் வாய் வரவில்லை, போகாதே என்று சொல்லவும் வரவில்லை. "கிளம்புவோம்" என்றேன்.

திரும்பும் வழி கோட்டூர்புரம், நந்தனம், சி.ஐ.டி. நகர், அரங்கநாதன் சுரங்கப்பாதை. பின்னாலிருந்து திசை சொல்லும் குரல் நின்றுபோனது. நானாகத்தான் ஓட்டினேன். கடைசி அடையாளம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள லேக் வியூ ரோடு. அதற்குள் திரும்பும்போது ஓர் ஆட்டோ குறுக்கே வந்து நின்றது. உள்ளே பட்டுப்புடவைக் குடும்பம், ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர்கள்.

"சார், லேக் வியூ ரோடு எங்க இருக்கு? ரெண்டு ரவுண்டு சுத்திட்டோம், ஏரியே காணோமே" என்றார் அந்த ஆட்டோவில் இருந்த பெரியவர்.

மூன்று நாளாக வெளியே வர வழி தேடிக்கொண்டிருந்த கோபம் முழுவதும் அந்த அப்பாவி மனிதர் மேல் இறங்கியது.

"ஏரியா? ஏரியைத் தூர்த்து நகர் ஆக்கி எத்தனை தலைமுறை ஆச்சு! அந்த ஏரி மேலதான்யா தி.நகரே நிக்குது! தண்ணி இல்லன்னா ரோடும் இல்லாமப் போயிருமா? நீங்க நிக்கிறதுதான் லேக் வியூ ரோடு. தண்ணியத் தேடாதீங்க, ரோட்டப் பாருங்க!"

ஆட்டோ பயந்து கிளம்பிப் போய்விட்டது. ஹரிணி என் தோளைத் தட்டினாள். "வண்டிய ஓரமா நிறுத்துப்பா."

நிறுத்தினேன். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். பையிலிருந்து தன் விமான மேப்பை எடுத்து ஸ்கூட்டரின் சீட்டில் விரித்தாள். அந்த ஏரியின் மேல் விரலை வைத்தாள்.

"நீலத்தைச் சுத்தி ஒரு பக்கம் இந்தக் கோடு பாரு. கரை. நல்ல நீளமான கரை, வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. மே மாசம் ஏரி வத்திப்போயிருக்கும், உள்ள வெறும் கருவேலம். நான் பதினாலாவது நிமிஷம் அது பக்கத்துலதான்ப்பா போயிருப்பேன். தண்ணியத் தேடினேன். கரையைத் தேடவே இல்ல."

"அப்ப அந்த ஆளு..."

"அவர் அதைத்தான் சொன்னாரு. அசிங்கமாச் சொன்னாரு."

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியபோது 9.20. அந்தப் பயிற்சியாளர் மேல் இருந்த கோபம் இப்போது இரட்டிப்பாகிவிட்டது. தப்பானவர் திட்டினால் திருப்பித் திட்டலாம். சரியானதைக் குரூரமாகச் சொல்பவரை என்ன செய்வது? சரியாகச் சொன்னார் என்பதற்காக அந்தக் குடத்தை நான் மன்னிக்கத் தயாரில்லை. இன்றும் இல்லை.

திங்கள் மத்தியானம் அவள் பையைப் பிரித்தாள். அழுக்குத் துணியை எடுத்துவிட்டுத் துவைத்ததை அடுக்கினாள். இரவு பஸ் ஏற்றிவிட்டேன்.

பிள்ளைகள் விமானம் படிக்கிறார்கள், நாங்களும் இப்படிச் செய்து பார்க்கலாமா என்பவர்களுக்கு: தாராளமாக. ஞாயிறு காலை ஏழுக்குள் தி.நகரையும் லஸ்ஸையும் தாண்டிவிடுங்கள். மெட்ரோ வேலை நடக்கும் இடங்களில் மாற்றுப்பாதை வாரத்துக்கு வாரம் மாறுகிறது, முந்தின நாள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத் திட்டம் போடுவது நல்லது. பெட்ரோல் எனக்கு ஐம்பது ரூபாய்க்குள்தான் ஆனது. அபராதத்தைச் சேர்க்காமல் சொல்கிறேன். ஓட்டுகிறவர் ஊரை நன்றாகத் தெரிந்தவராக இருந்தால் பெரிய தொந்தரவு, தெரியாதவரைக் கூட்டிப் போங்கள். நிஜப் பாதையைத் திட்டமிடும்போது மேப்பில் இருக்கும் ஏரிகளில் அந்த மாதத்தில் தண்ணீர் இருக்குமா என்று அந்தப் பக்கத்து ஆட்கள் யாரையாவது போனில் விசாரித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பயிற்சிப் பள்ளிக்கு நீங்கள் சண்டைக்குப் போக வேண்டாம். போகாமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான வேலை.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு நான் கடைக்குப் போகவில்லை. வெங்கடேசன் சார் இரண்டு முறை போன் செய்துவிட்டதால், மாடிக்குத் தண்ணீர் தூக்கிப்போய்ச் சாக்பீஸ் கோடுகளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். தூக்கியதும் ஒரு பிளாஸ்டிக் குடத்தில்தான். நீலக் குடம். அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. போன் அடித்தது.

"அப்பா, இறங்கிட்டேன்."

"சொல்லுட்டி."

"பதினாலாவது நிமிஷம். சொட்டுத் தண்ணி இல்ல. கரை மட்டும் அப்படியே வளைஞ்சு கிடக்குப்பா, மேப்புல இருக்கற மாதிரியே. அவர் கேட்டாரு, 'என்ன, தண்ணி கிடைச்சுதா?'ன்னு. 'இல்ல சார், கரை கிடைச்சுது'ன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. நாளைக்கு சோலோ, தனியா விடறாரு."

"ஒரு வார்த்தை பாராட்டினா குறைஞ்சா போயிருவாரு அந்த ஆளு?"

"அப்பா, போனை வை" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

போனைச் சட்டைப்பைக்குள் போட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே வெங்கடேசன் சார்.

"என்ன சார், கழுவச் சொன்னா இப்படித் தண்ணியத் தேக்கி வெச்சிருக்கேள்? கீழ எங்காத்து சீலிங்ல இறங்கிடும்!"

திரும்பிப் பார்த்தேன். துணிக்கொடிக்குக் கீழே தளம் கொஞ்சம் பள்ளம் போலிருக்கிறது. குடத்துத் தண்ணீரெல்லாம் ஓடிப்போய் அவள் வரைந்த ஏரிக்குள் நின்றிருந்தது. அதன் கரை மட்டும் இன்னும் அழியாமல் வெள்ளையாக வளைந்து கிடந்தது.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"நிக்கட்டும் சார். மே மாசம்தானே, சாயந்தரத்துக்குள்ள வத்திரும்."