பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள்: சிவகாசிக்கு ஒரு கொள்முதல் பயணம்

சிவகாசிக்கு நான் விரும்பிப் போகவில்லை. கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் நூல் மில்லில், தீபாவளிக்குத் தொழிலாளர்களுக்குப் பட்டாசுப் பெட்டி கொடுப்பது வழக்கம். வருடாவருடம் போய் ஆர்டர் கொடுத்துவந்தவருக்கு இந்த முறை மூட்டுவலி. 2008 ஆகஸ்ட் கடைசியில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீ போய்ட்டு வாப்பா, நாலு எடம் பார்த்த மாதிரியும் இருக்கும்" என்றார். யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். அன்றைக்கே தூக்கம் போய்விட்டது.

ஏன் என்று இந்த வலைப்பூவைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நான் பெண்ணாகப் பிறந்து ஆணாக மாறியவன். அறுவை சிகிச்சை எல்லாம் முடிந்து நான்கு வருடம் ஆகிறது, ஹார்மோன் ஊசி மட்டும் தொடர்கிறது. மில்லில் யாருக்கும் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. மீசை சுமார்தான், குரல் நன்றாகவே உடைந்துவிட்டது. ஆனால் வெளியூர் என்றதும் ஆண்கள் சட்டையைக் கழற்றும் இடங்கள், வரிசையாக நிற்கும் இடங்கள், ஒரே அறையில் நாலு பேர் படுக்கும் இடங்கள் எல்லாம் மனதுக்குள் ஓட ஆரம்பித்துவிடும். என்னைப் போன்ற சிலரும் இதை வாசிக்கிறீர்கள் என்று வரும் மின்னஞ்சல்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவர்களுக்காகத்தான் சில விவரங்களை விலாவாரியாக எழுதுகிறேன். (மற்றவர்களுக்கும் அதே பஸ்தான்.)

காலை ஒன்பதரைக்குச் சிங்காநல்லூரில் மதுரை பஸ். டிக்கெட் எழுபத்தெட்டு ரூபாய். ஜன்னலோரம் கிடைத்தும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பல்லடத்தில் பின் சீட்டுக்குப் போனேன், ஒட்டன்சத்திரத்தில் மறுபடி முன்னால் வந்தேன். "ஒரு எடத்துல உக்காருங்க சார், எனக்குக் கணக்கு தப்புது" என்றார் கண்டக்டர். மூன்றரைக்கு ஆரப்பாளையம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் மாட்டுத்தாவணி போனால் நேரடி சிவகாசி பஸ் நிற்கும். அதில்தான் ஏறினேன். ஆனால் விருதுநகர் வந்ததும் காரணமே இல்லாமல் இறங்கிவிட்டேன். போய்ச் சேரும் நேரத்தை முடிந்தவரை தள்ளிப்போடத்தான், வேறென்ன.

இறங்கியதில் ஒரு லாபம், எண்ணெய்ப் புரோட்டா. கல்லில் போடாமல் எண்ணெயில் பொரித்து எடுத்து, நொறுக்கி, சால்னா ஊற்றித் தருகிறார்கள். ஒன்று நான்கு ரூபாய். பரிமாறியவர் "அண்ணே, இன்னும் எம்புட்டு வைக்க?" என்று கேட்டார். எனக்கு அண்ணே என்ற சொல் இன்னும் பழகவில்லை. அதைக் கேட்பதற்காகவே ஐந்தாவதையும் வாங்கிச் சாப்பிட்டேன். பஸ் நிலையக் கழிப்பறையில் ஆண்கள் பக்கம் கதவு என்ற பேச்சே கிடையாது. புரோட்டாக் கடையின் பின்பக்கம் கதவோடு ஒன்று இருக்கிறது, சாப்பிட்டவர்கள் கேட்டால் சாவி தருவார்கள்.

விருதுநகரிலிருந்து சிவகாசி முக்கால் மணி நேரம், எட்டு ரூபாய். முதலில் நுழைந்த லாட்ஜில் அறை நூற்றைம்பது, குளியலறை பொது. தனிக் குளியலறை வேண்டும் என்றதும் கல்லாவில் இருந்தவர், "ஆம்பளையாளுக்கு எதுக்கு சார் அட்டாச்சுடு? பம்படியில ரெண்டு வாளி ஊத்திக்கிட்டா முடிஞ்சு போச்சுல்லா" என்றார். சரிதான், மற்ற ஆம்பளைகளுக்கு முடிந்துபோகும். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மூன்றாவது லாட்ஜில் முந்நூறு ரூபாய்க்குத் தனிக் குளியலறை கிடைத்தது. தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பட்டாசுக் கம்பெனி வேன் வந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அவர்களுடைய யூனிட்டில் எங்கள் பெட்டிகளுக்கான சரக்கை நேரில் பார்த்துவிட்டு ஆர்டரை உறுதி செய்வது ஏற்பாடு. இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். வழியெல்லாம் கரிசல், கருவேலம், நடுநடுவே வெள்ளையடித்த சின்னச் சின்ன அறைகள். ஒன்று வெடித்தால் மற்றதைத் தொடக் கூடாது என்று தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். என்னைக் கூட்டிப்போனவர் போர்மேன் சங்கரபாண்டி. நாற்பத்தைந்து வயதிருக்கும். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருந்தார்.

வாசலில்தான் வினை. செல்போன், தீப்பெட்டி, செருப்பு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்ட வாட்ச்மேன் என் சட்டையைத் தடவிப் பார்த்தார். "இது பாலியஸ்டர்லா சார். உரசுனா பொறி பறக்கும். உள்ள விட மாட்டோம்." வெளுத்த பருத்திச் சட்டையும் வேட்டியும் எடுத்துக் கொடுத்தார். வருகிறவர்களுக்கென்றே நாலைந்து ஜோடி துவைத்து வைத்திருக்கிறார்கள். எங்கே மாற்றுவது என்று கேட்டேன். கதவு வைத்த அறை ஒன்று இருந்தது, அப்போதுதான் வேனில் வந்திறங்கிய பெண்கள் அதற்குள் நின்றிருந்தார்கள். ஆண்கள் எல்லோரும் வேப்பமரத்தடியில் நின்று சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன், நிஜமாகவே. வயிற்றுவலி என்று சொல்லலாம், மில்லுக்குப் போன் செய்யலாம். இங்கே ஒரு ஆளுக்குத் தெரிந்தால் கம்பெனி ஆபீசுக்குத் தெரியும், அங்கிருந்து ஒரே போனில் எங்கள் மேனேஜருக்குத் தெரியும். நான்கு வருட வாழ்க்கை ஒரு சட்டைக்குள் இருந்தது. மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, அவசரமாக மாற்றத் தொடங்கினேன். கை தவறிப் பருத்திச் சட்டை கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கக் குனிந்த சங்கரபாண்டி நிமிர்ந்தபோது என் நெஞ்சின் இரண்டு பக்கமும் ஓடும் தழும்புகளைப் பார்த்துவிட்டார்.

அவர் குரலைத் தாழ்த்தி, "எந்தக் கம்பெனியில?" என்று கேட்டார். புரியாமல் விழித்தேன். அவர் சட்டைக்கைப் பொத்தானைக் கழற்றிச் சற்று மேலே ஏற்றினார். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் சுருங்கிப் பளபளத்தது. "எனக்கு மருந்து கலக்குற ரூம்புல. விலாவுலயும் இருக்கு. உங்களுக்கு நெஞ்சுலயா?" அந்த வட்டாரத்தில் தழும்பு என்றால் வெடி விபத்துதான், வேறெதுவும் யாருக்கும் தோன்றாது. நான் பதில் சொல்லவில்லை. பேச மனமில்லை என்று எடுத்துக்கொண்டு அவரே தலையசைத்துக்கொண்டார். உள்ளே போகுமுன் செப்புத் தகட்டில் இரண்டு கையையும் வைக்கச் சொன்னார்கள், உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காம். என் நடுக்கம் இறங்கவில்லை.

ஆனால் உள்ளே எல்லாம் மாறிவிட்டது. அவர் போகிறபோக்கில் "சாரும் நம்மாளுதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மர நிழலில் வெடிக்கான காகிதச் சுருள் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் எனக்கு இடம் விட்டார்கள். டீ வந்தது, பிறகு நுங்கு வந்தது. யாரும் என் மீசையைப் பார்க்கவில்லை, குரலைக் கவனிக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. இனி யார் கேட்டாலும் இந்தக் கதையையே சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன்.

அந்த நினைப்பு பெட்டி அடுக்கும் கூடம் வரைக்கும்தான் தாங்கியது. அங்கே புஸ்வாணத்தையும் சங்குசக்கரத்தையும் எங்கள் மாதிரிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த முத்துலட்சுமி என்ற அம்மாவிடமும் சங்கரபாண்டி அதையே சொன்னார். அந்த அம்மாவின் கை நின்றது. சாத்தூர்ப் பக்கம் ஓர் ஊரின் பெயரைச் சொல்லி, "அங்கன நடந்துச்சே, அதுலயா தம்பி?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், "என் தம்பியும் அன்னிக்கு அங்கனதான் வேலைக்குப் போனான். நெட்டையா இருப்பான். நீங்க அவனப் பாத்தீகளா? கடைசியா யாரும் பாத்தாகளான்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காக" என்றார்.

ஆமாம் என்றாலும் பாவம், பார்க்கவில்லை என்றாலும் பாவம்.

"இல்லக்கா. நான் எந்த வெடியிலும் மாட்டலை. இது ஆஸ்பத்திரியில செஞ்ச ஆபரேஷன்" என்றேன். சுற்றி இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது. முத்துலட்சுமி "சரி, நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தார். சங்கரபாண்டியின் கண் ஒருமுறை என் நெஞ்சுக்குப் போய்த் திரும்பியது. நெஞ்சில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆபரேஷன் எந்த ஆம்பளைக்கு நடக்கும் என்று அவர் யோசிப்பதாக எனக்குப் பட்டது. அதன் பிறகு நான் சரக்கைச் சரியாகப் பார்க்கவே இல்லை. கம்பி மத்தாப்பைக் கொளுத்திக் காட்டச் சொல்லவேண்டும் என்று மூட்டுவலிக்காரர் படித்துப் படித்துச் சொன்னதை மறந்தேன். எல்லாம் நல்லாருக்கு, கிளம்பலாம் என்றேன்.

வாசலுக்கு வந்து என் சட்டையை வாங்கிக்கொண்டு வேப்பமரத்தை நோக்கி நடந்தேன். "சார், இங்கன வேண்டாம். அந்த ரூம்புல போயி மாத்திக்கோங்க" என்றார் சங்கரபாண்டி. கை காட்டியது பெண்களின் அறையை. காலையில் அந்தக் கதவுக்காக எதையும் கொடுத்திருப்பேன். இப்போது அதற்குள் போவதைவிட நடுரோட்டில் நிற்கலாம் போலிருந்தது. "ஏன் அண்ணாச்சி, நான் எதுக்கு அங்க போகணும்?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் திகைத்துப் போனார். "பொம்பளையாளுக காலையிலயே வேலைக்கு ஏறிருவாகல்லா. பெறகு அந்த ரூம்பு எங்களுக்குத்தான், உடம்புல அடிபட்டவுகளுக்கு. மரத்தடியில நின்னா எல்லாரும் உத்து உத்துப் பாப்பாக. நானும் அங்கனதான் மாத்துவேன்."

"நான்தான் வெடியில்லைன்னு சொன்னேனே."

"வெடியோ ஆபரேஷனோ. எங்களுக்குள்ள ஒரு வழக்கம் இருக்கு, அவுகளாச் சொல்லாம யாரும் யார்ட்டயும் கேக்க மாட்டோம். காலையில நான்தான் மொற தப்பிக் கேட்டுட்டேன். கேட்டா சொல்லணும்னு என்ன இருக்கு சார்?"

அறைக்குள் போனேன். தாழ்ப்பாள் உடைந்திருந்தது. அவர் வெளியே கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, டிரைவரிடம் மறுநாள் லோடு பற்றிச் சத்தமாகப் பேச ஆரம்பித்தார். மூன்று வேட்டிகள் ஆணியில் தொங்கின, ஒரு கண்ணாடிகூடக் கிடையாது. அந்தப் பயணத்தில் முதல்முறையாக அவசரப்படாமல் பொத்தான் போட்டேன். அவருக்கு என்ன புரிந்தது, எவ்வளவு புரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேனில் அவர் கேட்டதெல்லாம் கோயம்புத்தூரில் மழை உண்டா என்பதுதான்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஆர்டர் கொடுப்பதென்றால் ஜூலையிலேயே போய்விடுங்கள், ஆகஸ்ட் தாண்டினால் விலை ஏறும், லோடு தாமதமாகும். அனுமதி இல்லாமல் எந்த யூனிட்டுக்கும் போகாதீர்கள், சுற்றிப் பார்க்கிற இடம் அல்ல. உள்ளாடை உட்பட எல்லாம் பருத்தியாக இருந்தால் வாசலில் மாற்றவேண்டியதே இல்லை. மத்தாப்பைக் கொளுத்திப் பாருங்கள், எங்களுக்கு வந்ததில் பாதி நமத்துப்போயிருந்தது. ஆனைக்குட்டம் அணை நன்றாக இருக்கும் என்று லாட்ஜில் சொல்வார்கள். நான் போனபோது தண்ணீரே இல்லை.

ஊர் திரும்பிய மறுநாள் மாதிரிப் பெட்டியை மேனேஜர் மேஜையில் வைத்தேன். அவர் வழக்கம்போலத் தொடங்கினார். "முப்பத்தொண்ணு ஆச்சு. ஏம்ப்பா இன்னும் கல்யாணம் பண்ணிக்காம இருக்கே?" இதற்கு என்னிடம் கதைகள் உண்டு. தங்கைக்கு முடியவேண்டும், ஜாதகத்தில் தோஷம், வீட்டுக் கடன். எனக்குத் தங்கையே கிடையாது. ஒவ்வொரு முறையும் எந்தக் கதையை யாரிடம் சொன்னேன் என்று நினைவு வைத்துக்கொண்டே நான்கு வருடம் ஓடியிருக்கிறது.

"அது சொல்றதுக்கில்லைங்க சார்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் பெட்டியின் மூடியைத் திறந்தார்.