கத்தி ஷெட்டும் பரோட்டா கடை ஸ்டூல்களும்

காலை ஏழு பத்து. ஷெட்டின் இரும்புக் கதவைத் தள்ளியதும் நான் முதலில் பார்த்தது, சிமெண்டுத் தரையில் கிடந்த ஒரு கத்தியை. அதற்கு இந்தப் பக்கம் ஒரு பெண், அந்தப் பக்கம் ஒரு பெண். இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவில் என் அக்கா, கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்சோடு, தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்திரிகையில் வெகுநாள் குற்றச் செய்தி எழுதியவன் நான். முதலில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

"என்னாச்சுக்கா?"

"ஒண்ணும் ஆகலடா. அதான் பிரச்சினையே. கத்தி இவ கையில இருந்து அவ கைக்குப் போக மாட்டேங்குது."

விஷயம் உடனே புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் யாரும் கத்தியைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கீழே வைப்போம்; வேண்டியவர் எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும். சமையலறைக்குள் காலடி வைத்த நாளில் இருந்து எனக்கு இது தெரியும். அது ஒரு தொழிற்சாலையை நிறுத்தும் என்று மட்டும் தெரியாது.

தொழிற்சாலை என்ற சொல் அக்காவுடையது. அதற்கு முன்னால் இருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சந்துக்குள் அத்தானின் பட்டறை மட்டும்தான். அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். அவரிடம் கத்தி வாங்க முடியாது. கத்திக்குச் சொல்லிவிட்டு வரலாம், அதுவும் அவர் சம்மதித்தால். வருகிறவர் தினமும் எதை நறுக்குகிறாரோ அதை அவர் முன்னால் நறுக்கிக் காட்ட வேண்டும். வத்திராயிருப்பில் இருந்து ஒரு தோப்புக்காரர் மாங்காயோடு வந்தார். கல்யாணச் சமையல்காரர் ஒருவர் பூசணிக்காயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கறிக்கடைக்காரர் ஒருவர், தான் எதைக் கொண்டுவருவது என்று போனில் கேட்டபோது மட்டும், "நீங்க சும்மா கைய வீசிக் காட்டுங்க, போதும்" என்றார் அத்தான்.

நறுக்கும்போது அவர் கத்தியைப் பார்க்க மாட்டார். முழங்கையைப் பார்ப்பார். பிறகு விசாரணை தொடங்கும். ஒருமுறை ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரிடம் கேட்டார்.

"வீட்டுல வேற யாரு இந்தக் கத்தியத் தொடுவாக?"

"மருமக."

"அப்ப ரெண்டு கத்தி," என்றார் அத்தான். டீச்சர் இரண்டுக்கும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிச் செய்த கத்திகளுக்கு ஊரில் நல்ல பெயர். ஆனால் கத்திக்குச் சொன்னவர்கள் அதை மறந்துபோகும் அளவுக்குக் காத்திருக்க வேண்டும். அக்காவால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவள் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவள். இயந்திரம் ஒன்று சும்மா நிற்பதைக் கண்டால் அவளுக்குத் தலை வலிக்கும். அத்தானின் பட்டறைக்குள் போனால் அவளுக்குத் தினமும் தலை வலித்தது.

மில்லில் அவள் பார்த்துவந்த பிரிவை மூடியபோது, அவளுக்குக் கீழே வேலை செய்த செட்டியார்பட்டிப் பெண்களுக்கும் வேலை போயிற்று. அக்கா மில் முதலாளியைப் போய்ப் பார்த்து, அவர்களை வைத்துக் கத்தி செய்ய, காலியாகக் கிடந்த பின்பக்க ஷெட்டைக் கேட்டாள். அவர் ஒரு கெடு வைத்துக் கொடுத்தார். பொங்கலுக்குள் மாதாமாதம் வரும்படியான ஆர்டர் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால் ஷெட் அக்காவுக்கு. இல்லையென்றால் சிமெண்டு மூட்டைகளுக்கு. சென்னையில் ஓட்டல்களுக்குச் சமையலறைச் சாமான் சப்ளை செய்யும் ஒருவர், மார்கழியில் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அக்காவின் கையில் இருந்தது அந்த ஒருவர்தான்.

அத்தான் இதற்குச் சம்மதித்தார் என்று எழுத முடியாது. எதிர்க்கவில்லை என்று எழுதலாம்.

"இந்தக் கத்தி யாருக்கு?" என்று கேட்டார்.

"ஓட்டலுக்கு."

"ஓட்டல்ல யாருக்கு?"

"சமைக்கிறவருக்குங்க."

"வலக்கைக்காரரா, இடக்கையா?"

"அம்புட்டுப் பேருக்கும் பொதுவா ஒரே கத்தி."

"பொதுக் கைன்னு ஒண்ணு உண்டா?"

"இருக்கும். தேடுங்க," என்றாள் அக்கா.

அவர் உண்மையாகவே தேடினார். ஷெட்டில் இருந்த அத்தனை பேரையும் வெங்காயம் நறுக்க வைத்தார். வேலை போன பிறகு ஊரோடு வந்துவிட்ட என்னையும் நறுக்கச் சொன்னார். எல்லோருடைய முழங்கையையும் பார்த்து முடித்து, என் தோளில் கை வைத்தார்.

"கிடைச்சுட்டு. மாப்ள கைதான். நல்லாவும் நறுக்கல, மோசமாவும் நறுக்கல. எதுலயும் சேராத கை."

அப்படியாக, அந்தக் கத்தியின் பிடி என் கைக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டது. என்னைப் பற்றி இதுவரை சொல்லப்பட்டவற்றில் சரிபார்க்கப்பட்ட ஒரே தகவல் அது.

வேலை முறையை அக்கா மில்லில் இருந்து எடுத்துக்கொண்டாள். கோயம்புத்தூரில் இருந்து தகடு வெட்டி வரும். அதை உலையில் காய்ச்சிப் பதமேற்றுவது ஸ்ரீவில்லிபுத்தூர் பட்டறையில். பிறகு ராஜபாளையம் ஷெட்டில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் சாணை பிடிப்பார், அடுத்தவர் பிடி போட்டு ஆணி அடிப்பார், அடுத்தவர் பாலிஷ், அதற்கடுத்தவர் கழுவித் துடைப்பார். கடைசியில் அத்தான் கூர் பார்ப்பார். ஒருவர் கையை நீட்டினால் அடுத்தவர் கை எட்டும்படி அளந்துதான் அக்கா இடம் போட்டிருந்தாள். நடுவில் மேசை கிடையாது. மேசை வைத்தால் இடம் வீண், நேரமும் வீண் என்பது அவள் கணக்கு.

அந்தக் கணக்குதான் அன்று காலை தரையில் கிடந்தது.

முதல் சில நாள் தரையிலேயே வைத்து எடுத்தார்கள். குனிந்து குனிந்து எல்லோருக்கும் இடுப்பு வலி. தரையில் கிடந்த மணல் பட்டுப் பாலிஷில் கீறல். அத்தான் ஒவ்வொரு கீறலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் தனியாக வைத்தார். தனியாக வைத்த கத்திகள் மற்றவற்றைவிட அதிகமானபோது அக்கா உத்தரவு போட்டாள்.

"இது வீடு இல்ல, கம்பெனி. நாளையில இருந்து கைக்குக் கை. சண்டை வந்தா நான் பொறுப்பு."

மறுநாள் காலை முழுவதும் கைக்குக் கை போயிற்று. வேலை வேகமாக நடந்தது. அக்காவின் முகம் மலர்ந்தது. மத்தியானச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தபோது, பாலிஷ் போடும் பெண் பிடி போடும் பெண்ணிடம் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நேத்து வச்ச கொழம்பாக்கா?"

"நேத்து வச்சா உனக்கு என்னட்டி? உன் வீட்டுச் சட்டியிலயா வச்சேன்?"

"கேக்கக் கூடாதா?"

"கேளு. மில்லுல இருந்தப்ப அம்புட்டு வருசமும் என் கொழம்பத் தொட்டுக்கிட்டுத் தின்னியே, அப்ப கேட்டியா?"

"நானா கேட்டு வாங்கித் தின்னேன்? நீங்கதான ஊத்துனீக!"

"இனிமே ஊத்துனா ஏன்னு கேளு."

அவ்வளவுதான். இருவரும் பாத்திரத்தை மூடினார்கள். பிறகு ஒரே நேரத்தில் அக்காவின் பக்கம் திரும்பி, ஒரே குரலில் சொன்னார்கள்.

"பாத்தியளாக்கா? சொன்னோம்ல?"

"கொழம்புக்கும் கத்திக்கும் என்னட்டி சம்பந்தம்?"

"அதுதான்க்கா எங்களுக்கும் தெரியல," என்றாள் பிடி போடும் பெண். "இம்புட்டு வருசத்துல எங்களுக்குள்ள ஒரு வார்த்தை வந்ததில்ல."

மத்தியானத்துக்கு மேல் வேலை நடக்கவில்லை. சாயங்காலம் அக்காவோடு பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். வழி நெடுக மூட நம்பிக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். கட்டுரை ஒன்றுக்குப் போதுமான அளவு பேசினாள். வீட்டுக்கு வந்து தேங்காய் உடைத்தாள். தேங்காய் கீறும் கத்தியை அத்தான் அவளிடம் நீட்டினார்.

"கீழ வைங்க," என்றாள் அக்கா.

அத்தான் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் தேங்காயைப் பார்த்தேன்.

மறுநாள் ஒரு லோடு ஆட்டோவில் ஸ்டூல்கள் வந்து இறங்கின. தென்காசி ரோட்டில் ஒரு பரோட்டா கடையை மூடியிருந்தார்கள். அங்கே கிடந்த இரும்பு ஸ்டூல்கள் அவை. உட்காரும் வட்டம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. ஒவ்வொரு இரண்டு பெண்களுக்கு நடுவிலும் ஒன்று போட்டார்கள். இருந்த இடத்தில் இருந்தே வைக்கலாம், எடுக்கலாம். கீறல் விழாமல் இருக்க மேலே நாலு மடிப்பாகப் பேண்டேஜ் துணி கட்டினார்கள். எங்கள் பக்கம் தறிகளில் ஓயாமல் ஓடுவது அதுதான். துண்டு கிடைக்காத நேரத்திலும் பேண்டேஜ் துணி கிடைக்கும்.

அன்று அக்கா ஸ்டாப்வாட்சை இரண்டு முறை தட்டினாள்.

"ஏலே, இது ரிப்பேரா பாரு."

ரிப்பேர் இல்லை. கைக்குக் கை கொடுத்தபோது, அடுத்தவர் கை காலியாகும்வரை இவர் நீட்டிக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது. இப்போது வைத்துவிட்டு அடுத்த கத்தியை எடுத்துவிடலாம். கத்தி ஸ்டூலில் அவருக்காகக் காத்திருக்கும். வேகம் கூடியிருந்தது. அக்கா அதை ஒப்புக்கொள்ளாமல், "கிளைமேட்டு நல்லா இருக்கு" என்றாள். குழம்புச் சண்டையும் அந்த வாரத்துக்குள் தீர்ந்தது. பிடி போடும் பெண் கேட்காமலேயே ஊற்றினாள்.

சென்னைக்காரர் வரும் நாள் காலையில் அக்கா எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"பெரிய பெரிய கம்பெனியெல்லாம் பாத்தவரு. நம்ம பரோட்டா கடை ஸ்டூலப் பாத்தா சிரிச்சுட்டுப் போயிருவாரு. எல்லாத்தையும் தார்ப்பாய்க்கு அடியில தள்ளுங்க. இன்னைக்கு ஒரு நாள் கைக்குக் கை. சண்டை போடணும்னா நாளைக்குப் போட்டுக்குவோம்."

ஸ்டூல்கள் தார்ப்பாய்க்கு அடியில் போயின. யாரும் எதுவும் சொல்லவில்லை. அக்கா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அவர் பத்து மணிக்கு வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பவர், அதிகம் பேசாதவர். அக்கா தலையசைத்ததும் வேலை தொடங்கியது. பிடி போடும் பெண் ஆணி அடித்து முடித்து, கத்தியை நீட்டினாள். பாலிஷ் போடும் பெண் வாங்கவில்லை. மேற்கூரைத் தகரத்தைப் பார்த்தாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பின்னால் சாணைச் சத்தம் நின்றது.

"எதுக்காக வெயிட் பண்றாங்க?" என்று கேட்டார் சென்னைக்காரர்.

பாலிஷ் போடும் பெண் எழுந்தாள். தார்ப்பாயைத் தூக்கித் தன்னுடைய ஸ்டூலை வெளியே இழுத்தாள். சிமெண்டில் இரும்பு உரசும் சத்தம் ஷெட் முழுவதும் கேட்டது. கொண்டுவந்து போட்டு, துணியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். கத்தி ஸ்டூலுக்கு வந்தது, அவள் கைக்குப் போனது. உடனே மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து தார்ப்பாய்ப் பக்கம் போனார்கள். ஒவ்வொரு ஸ்டூலாக உரசிக்கொண்டு வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் ஒரு ஸ்டூலின் அருகில் குனிந்தார்.

"இது பேண்டேஜ் துணியா?"

"ஆமா சார்," என்றாள் அக்கா.

அவர் நிமிர்ந்து பெண்களின் விரல்களை வரிசையாகப் பார்த்தார். "ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு வெட்டுப் படுது?"

"ஐயையோ, ஒருத்தருக்கும் இல்ல சார். இங்க இந்தத் துணிதான் லேசாக் கிடைக்கும்."

"அப்ப இந்த ஸ்டூல் எதுக்கு?"

எனக்குப் பதில் தயாராக இருந்தது. தொழிலாளர் பாதுகாப்பு, பணியிட ஒழுங்கு என்று மூன்று பத்திக்கு வரும். வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்.

"கைக்குக் கை குடுத்தா சண்டை வரும் சார்."

அவர் பெண்களின் பக்கம் திரும்பினார்.

"வந்திருக்கா?" என்று கேட்டார் அவர்.

"வந்துச்சு சார்," என்றாள் பிடி போடும் பெண். "கொழம்புல வந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. முடிந்த கத்தியைப் பார்க்க வேண்டும் என்று அத்தான் பக்கம் கையை நீட்டினார். அத்தான் அந்தக் கையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கத்தியை ஸ்டூலில் வைத்தார். சென்னைக்காரர் ஸ்டூலில் இருந்து எடுத்துக்கொண்டார்.

"சார், ஒரு வெங்காயம் நறுக்குதியளா?" என்று கேட்டார் அத்தான்.

"ஏங்க!" என்றாள் அக்கா.

பிடி போடும் பெண் தன் பையில் இருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து வைத்தாள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு நறுக்கினார். பாதியிலேயே கண்ணில் நீர் கொட்டியது. அத்தான் குனிந்து முழங்கையைப் பார்த்தார்.

"சாரு சமைக்கிறதில்ல."

"இல்ல."

"ஆனா பிடி உறுத்தல."

"இல்ல. உறுத்தல."

அத்தான் என் பக்கம் திரும்பித் தலையசைத்தார். பொதுக் கை சென்னையிலும் இருந்தது.

அவர் ஸ்டூலில் இருந்த பேண்டேஜ் துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஓட்டல் கிச்சன்ல பசங்க வெட்டிக்கிறது நறுக்கும்போது இல்லைங்க. கத்திய அவசரத்துல கைமாத்தும்போதுதான்," என்றார். சற்று யோசித்து, "சண்டையும் அப்பதான் வருது" என்றார். ஆர்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார்.

அதன் பிறகு அக்கா ஷெட் சாவியைத் தினமும் துடைத்தாள், திருப்பிக் கொடுக்கும்போது அழுக்காக இருக்கக் கூடாது என்று. மில் முதலாளியின் ஆள் ஒருவர் வந்து, மூட்டை அடுக்குவதற்கு ஷெட்டின் நீள அகலத்தை அளந்துவிட்டுப் போனார். அவர் அளந்து முடிக்கும்வரை பெண்கள் தலை நிமிராமல் வேலை செய்தார்கள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அக்காவின் போனுக்கு மெயில் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் என்னைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். மாதாமாதம் அனுப்ப வேண்டிய கத்திகளின் விவரம் இருந்தது. பிடி அதே அளவில் இருக்க வேண்டும் என்று இருந்தது. கடைசி வரியில், ஒவ்வொரு ஓட்டலுக்கும் கத்திகளோடு அதே உயரத்தில், துணி கட்டிய ஸ்டூல்களும் வேண்டும் என்று இருந்தது.

அக்கா அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாள். பிறகு போனை வாங்கிக்கொண்டு மில் ஆபீஸுக்குப் போனாள்.

தென்காசி ரோட்டில் வேறு எந்தப் பரோட்டா கடையும் மூடுவதாக இல்லை. தை மாதத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பட்டறையில் ஸ்டூலும் செய்கிறார்கள்.