பதினோரு நாள் ஓடிய கம்ப்யூட்டர்

திருப்பதியில் எங்கள் பல்கலைக்கழகத்தில், கம்ப்யூட்டரை வைத்து உயிரியலை அலசும் உயிர்த்தகவலியல் படிப்பைத் தொடங்கியவன் நான். அடிப்படையில் விலங்கியல் வாத்தியார். தவளை அறுக்கத் தெரியும், மெயில் அனுப்பத் தெரியும். இதை நம்பியும் எட்டுப் பேர் சேர்ந்தார்கள்.

கம்ப்யூட்டரைவிட எனக்கு நன்றாக வருவது திட்டுவது. ஃபேன் ஓடினால் திட்டுவேன், லைட் எரிந்தால் திட்டுவேன். 'வெளியே போகும்போது எல்லா சுவிட்சையும் அணைக்கவும்' என்று தெலுங்கிலும் தமிழிலும் எழுதி லேப் கதவில் ஒட்டியிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை எங்கள் படிப்பைப் பார்வையிட ஆய்வுக் குழு வரவிருந்தது. காட்ட ஏதாவது இருந்தால்தான் அடுத்த வருடம் சேர்க்கை. எங்களிடம் இருந்தது நகரிப் பக்கத்து மாணவி ஒருத்தியின் வேலை மட்டும். அவள் நைனாவின் வேர்க்கடலைப் பயிரை அழித்த பூஞ்சையின் டிஎன்ஏ, துண்டு துண்டாகக் கிடந்தது. லேபில் இருந்த ஒரே பெரிய கம்ப்யூட்டர் பதினோரு நாளாக அதை ஒட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வேலை முடிந்துவிடும் என்றாள்.

திங்கள் காலை திரை கறுப்பாக இருந்தது.

"யாருய்யா ஆஃப் பண்ணது?" என்று அட்டெண்டர் மேல் பாய்ந்தேன்.

அவர் அசரவில்லை. "சனிக்கெழம எல்லாரையும் தொரத்திட்டு, சுவிட்ச் எல்லாத்தையும் அணைச்சிட்டு பூட்டுனது நீங்க சார். சாவி உங்க ஜேபுலதான் கீது."

இருந்தது.

மாணவி அழவில்லை. அதுதான் மோசம். "நடுநடுவுல சேவ் பண்ணிக்கினு போற மாதிரி போடட்டுமான்னு கேட்டேன். டிஸ்க்ல எடம் வீணுன்னு நீங்கதான் வோணாம்னீங்க."

குழுத் தலைவி வேலூர்க்காரர். கறுப்புத் திரையைப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்றார்.

"நான்தான் அணைச்சேன்" என்றேன். வேறு யார் பெயரைச் சொல்வது? அட்டெண்டர் கதவருகே நின்றுகொண்டிருந்தார்.

மாணவி தன் பழைய லேப்டாப்பைத் திறந்தாள். பழகிப் பார்க்க அதில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் தனியாக ஓட்டி முடித்திருந்தாளாம். எனக்கே தெரியாது. அரைமணி நேரம் விளக்கினாள்.

"யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார் தலைவி.

மாணவி என்னைப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். "வீடியோ பாத்து நானே கத்துக்கினேன் மேடம்."

ஒரு வருடத்துக்கு அனுமதி கிடைத்தது. ஒரு நிபந்தனை: லேப் பொறுப்பு கம்ப்யூட்டர் தெரிந்த ஆளிடம் இருக்க வேண்டும்.

அன்று மாலையே மாணவி கம்ப்யூட்டரை மறுபடி ஓட விட்டாள், இந்த முறை நடுநடுவே சேமித்துக்கொண்டு. புது ஆள் வரும்வரை இருக்கட்டும் என்று நான் சாவியை அட்டெண்டரிடம் கொடுத்தேன். ஆளில்லாத லேபில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கை பரபரத்தது. இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.