மூன்று புள்ளிக்காக நான் வாதாடிய வழக்கு

மனிதரின் பழக்கங்களை உளவள ஆலோசனையால் மாற்றுவது குறித்து ஆராய்பவள் என் தங்கை. நானோ, வைத்தியர் வலியுறுத்தியும் காலைநடையைத் தொடங்காத நீரிழிவுக்கார வழக்கறிஞன்.

இன்று வெள்ளவத்தைத் தேநீர்க்கடையில், அவளுடைய அறிவுரைக்கு மறுப்புகளைத் தயாராக வைத்திருந்தேன்.

"அண்ணா, நடக்க எவ்வளவு விருப்பம்? பத்துக்குப் புள்ளி போடுங்கோ."

"மூண்டு."

"ஏன் சைபர் இல்லை?"

என் மூன்றைக் காப்பாற்ற, நீதிமன்றப் படிகளில் மூச்சு வாங்குவதையும் மகளின் திருமணத்தைக் காணும் ஆசையையும் ஆதாரங்களுடன் எடுத்துரைத்தேன்.

"அப்ப எப்ப துவங்கிறியள்?"

"நாளைக்கு."

அவள் சிரித்தபோதுதான், நானே எதிர்த்தரப்புக்காக வாதாடி வென்றிருப்பது விளங்கியது. நானும் சிரித்த சிரிப்பில் தேநீரைச் சிந்திவிட்டேன்.

நடைக்கென்று காலுக்குச் சப்பாத்தும் வாங்கியாயிற்று. நாளை காலை மரைன் டிரைவ் கடற்கரைச் சாலையில் என்னுடன் நடக்கச் சம்மதிப்போர், தத்தம் புள்ளியைக் காரணங்களுடன் இந்தப் பதிவின் கீழே சமர்ப்பிக்கவும்.