அம்மாவின் முழங்காலும் என் மறுதேர்வும்

பல்கலைக்கழகத்தில் அக்குபஞ்சர் படிக்கிறேன் என்றதும் எங்கள் ஊர் ஐயம்பேட்டையில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "டாக்டருக்கா, நர்ஸுக்கா?" இரண்டும் இல்லை என்று விளக்கி விளக்கி எனக்கு வாய் வலித்தது. அப்பா மட்டும் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டு செய்முறைத் தேர்வில் நான் தோற்றதும், "இன்னொரு வாட்டி போச்சுன்னா கம்பெனி பஸ்ல ஏறிடும்மா" என்றார். ஊர்ப் பெண்களைத் தொழிற்சாலை வேலைக்கு ஏற்றிப்போகும் பஸ் அது. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்பாகச் சொன்னார், அதனால்தான் பயந்தேன்.

தோற்ற கதை இதுதான். முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரல் அளந்து ஊசி போட வேண்டும். சீன வைத்தியத்தில் நோயாளியின் விரல்தான் கணக்கு. என் அம்மாவோ காமாட்சி அம்மன் கோயில் வாசலில் பூ விற்பவள். எங்கள் வீட்டில் முழம் என்றால் விற்பவரின் கை. வாங்குபவர் தன் கையை நீட்டினால் அங்கே ரகளைதான். அந்தப் பழக்கத்தில் ஓர் ஆறடி ஆளின் காலை என் குட்டி விரல்களால் அளந்து தொலைத்தேன்.

மறுதேர்வுக்கு நோயாளியை நாமே அழைத்துப் போகலாம். தெருவில் ஒருவரும் வரவில்லை. "பாஸ் பண்ணிட்டு வா, அப்புறம் குத்திக்கிறோம்" என்றார்கள். ஊசி என்றாலே கண்ணை மூடிக்கொள்ளும் அம்மாதான் அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தாள். அவளுக்கு முழங்கால் வலி நிஜமாகவே இருந்தது.

அவளுடைய விரல்களை வைத்தே அளந்து ஊசியை இறக்கினேன். இடம் சரியென்றால் உள்ளே ஒரு கனம், ஒரு மதமதப்பு தெரிய வேண்டும். அதை நோயாளி தன் வாயால் சொன்னால்தான் மதிப்பெண். முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கவும் கூடாது.

"என்னம்மா தெரியுது?" என்று தேர்வாளர் கேட்டார்.

"ஒண்ணுமே தெரியலை மேடம். எம்பொண்ணு கை பூ மாரி. குத்துனதே தெரியலை."

சொல்லிவிட்டுப் பெருமையோடு என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெற்ற தாயே என்னைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறாள், நான் வாயைத் திறந்தாலும் ஃபெயில்!

தேர்வாளரும் அந்தக் கோயில் இருக்கும் பெரிய காஞ்சிபுரத்துக்காரர்தான். அம்மாவின் கால் விரல்கள் மடங்கியிருந்ததை அவர் கவனித்துவிட்டார்.

"காமாட்சி மேல சத்தியமா சொல்லுங்கம்மா. ஒண்ணுமே தெரியலையா?"

அம்மாவின் முகம் மாறியது. அவளுக்குச் சோறு போடும் வாசல் அது. படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"தாயே... கனக்குது மேடம். கல்லு கட்டி வுட்டாப்ல கீழ இறங்கிக்கினே போவுது, பாதம் வரைக்கும். சொன்னா பொண்ணை ஃபெயில் ஆக்கிடுவீங்களேன்னுதான்..."

தேர்வாளர் சிரித்தேவிட்டார். "அதைச் சொன்னதாலதான்மா உங்க பொண்ணு பாஸ்."

அம்மா நம்பவில்லை. வலிக்க வைத்தால் பாஸ் போடுவது என்ன படிப்பு என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்ததும் நான் வெட்கமில்லாமல் அழுதேன். அத்தனை சந்தோஷம். அவள் இன்னொரு காலை என் பக்கம் நீட்டினாள்.

"இதுக்கு எப்போ போடுவே?"