டன் அண்ணன் மல்லாந்து படுத்த கதை

வருகிற லாரிகளை எல்லாம் எடை போட்ட மனுஷன், தன்னை எடை போட மட்டும் யாரையும் விட்டதில்லை. எடைமேடைக்கு வரும் டிரைவர்கள் அவரை "டன் அண்ணன்" என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் தும்மினால் எண் பலகையில் இருபது கிலோ ஏறி இறங்கும் என்று ஒருவன் சத்தியமே செய்தான். ஏறியது உண்மை. இறங்கியதுதான் சந்தேகம்.

கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் அவர் அறை. ரசீது அடிக்கும் இயந்திரம், ஒரு மின்விசிறி, அவரைத் தாங்கித் தாங்கிக் கால் வளைந்த இரும்பு நாற்காலி. மணல் லாரி மேடையில் ஏறினால் முதலில் டயர் ஓரம் சொட்டுகிறதா என்று எட்டிப் பார்ப்பார். மணலை நனைத்து எடை கூட்டுகிறவர்களிடம், "குளத்தை வடிச்சுட்டு வாங்க தம்பி, அப்புறம் மணலைப் பார்க்கலாம்" என்பார்.

அப்படிப்பட்டவர் தன் கால் வீங்கியபோது செருப்பைக் குறை சொன்னார். படியேறி மூச்சு வாங்கியபோது படியைக் குறை சொன்னார். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது, தலையணையைத் திட்டினார். ஒரு தலையணை மூன்றாகி, கடைசியில் கட்டிலையே விட்டுவிட்டு ஹாலில் கிடந்த சாய்வு நாற்காலிக்குக் குடிபோனார். அங்கேயே உட்கார்ந்தபடி தூக்கம்.

மனைவி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். இதய டாக்டரம்மா அவர் கணுக்காலை விரலால் அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது.

"இதயம் பலவீனமாயிடுச்சு. ரத்தத்தைச் சரியா தள்ள முடியல. அதான் உடம்புல தண்ணி தேங்குது."

டன் அண்ணன் அந்தக் குழியையே பார்த்தார். "நனைச்ச லோடு" என்றார், மெல்ல. டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. மனைவி சிரிப்பைக் கைப்பைக்குள் புதைத்தாள்.

மாத்திரையில் தண்ணீர் வடிந்தது. வடிந்த பிறகும் லோடு லோடுதான். பட்டினி, நடை, மருந்து எதற்கும் அது அசையவில்லை. டாக்டரம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார்: "இரைப்பையைச் சின்னதாக்குற ஆபரேஷன் பண்ணிக்கலாம். எடை இறங்கினா இதயத்துக்கு வேலை குறையும். ஆனா உங்க இதயத்துக்கு மயக்க மருந்து கொடுக்கறதுல ஆபத்து இருக்கு, மறைக்க மாட்டேன்."

"தூங்க வெச்சு எழுப்ப மறந்துட்டா?" என்றார் அவர். வீடு வந்ததும், "நான் மாட்டேன்" என்றார். மனைவி வற்புறுத்தவில்லை.

ஒருநாள் விடியலில் கண் விழித்தவர், பக்கத்தில் சமையலறை நாற்காலி போடப்பட்டிருப்பதைப் பார்த்தார். அதில் மனைவி, கழுத்து ஒருபக்கம் தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இங்க என்ன பண்றே?"

அவள் திடுக்கிட்டு விழித்தாள். "கட்டில் ரொம்பப் பெரிசா இருக்குங்க."

"எத்தனை நாளா இது?"

"நீங்க இங்க குடிவந்ததிலேர்ந்து. நீங்க தூங்கினதும் வருவேன், முழிக்கறதுக்குள்ள ஓடிடுவேன். இன்னிக்கு அசந்துட்டேன்."

"கழுத்துவலின்னு தைலம் தேய்ச்சியே, அது இதனாலதானா?"

"பின்ன, உங்களை உப்புமூட்டை தூக்கியா வந்துச்சு?"

அவர் சிரிக்கவில்லை. அவள் கழுத்தைப் பிடித்துவிட்டபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "டாக்டரம்மாவுக்குப் போன் போடு" என்றார்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாட்களில் தெளிந்த சூப்புதான் சாப்பாடு. கனவில்கூட சூப்புதான் வந்தது என்றார். ஆபரேஷன் அறைக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது அவர் அவள் விரலை விடவில்லை. "நான் எழுந்திருக்கலன்னா..."

"எழுந்திருப்பீங்க. அந்தக் கட்டிலுக்கு யார் பதில் சொல்றது?"

எழுந்தார். அதன்பின் வாழ்க்கை தேக்கரண்டியில் நடந்தது. நாலு வாய்க்கு வயிறு நிறையும். ஐந்தாவது வாய்க்கு ஆசைப்பட்ட அன்று எல்லாம் வெளியே வந்தது. பெல்ட்டில் புதுத் துளைகள் விழுந்தன. இதயம் ஒன்றும் புத்தம்புதிதாகிவிடவில்லை, மாத்திரைகளும் போகவில்லை. ஆனால் ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "முன்னைவிட நல்லா தள்ளுது" என்றார். எடைமேடை நாற்காலியின் கால்கள் தாமாக நிமிர்ந்துகொண்டன என்று டிரைவர்கள் கிளப்பிவிட்டார்கள்.

ஒரு மத்தியானம் அவர் ஹாலைக் கடந்து படுக்கையறைக்குள் போனார். தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டு, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்தார். தேடி வந்த மனைவி, சத்தமே இல்லாததைக் கண்டு பயந்து, அவர் மூக்கின் கீழே விரல் வைத்தாள்.

"மூச்சு வருதா?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"வருது."

"காஞ்ச லோடு" என்றார்.

அவரைத் தள்ளிப் படுக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் இடம் இருந்தது. அவள் கழுத்தை நேராக வைத்துப் படுத்துக்கொண்டாள். அன்று அவர் விட்ட குறட்டையில் சன்னல் கதவு மூன்றுமுறை திறந்து மூடியது என்று அவள் இன்றும் சொல்வாள். ஆனால் படுத்த கையோடு அடித்துப் போட்டாற்போலத் தூங்கியவள் அவள்.